எதிராளியின் பாடம்

"முடி வெட்ட நான் தயாராத்தான் இருக்கேன் மேடம். தலைதான் வர மாட்டேங்குது" என்கிறார் முடிதிருத்தும் கடைக்காரர்.

பேராசிரியை நின்றுவிடுகிறார். "போன மாசம் இங்க உங்ககூட இன்னொருத்தர் இருந்தாரே?"

"நிறுத்திட்டேன். எனக்கே வேலை இல்லாம ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

"அவர் இப்ப எங்க முடி வெட்டிக்கிறாரு?"

கடைக்காரர் சீப்பால் காதோரம் சொறிந்துகொண்டு யோசிக்கிறார். "எங்க வெட்டிக்கிறான்? சடை பின்னுற அளவுக்கு வளர்த்துக்கிட்டுத் திரியறான்."

"அதான் பாருங்க" என்கிறார் பேராசிரியை, பரிசு விழுந்தவரின் முகத்தோடு. "உங்களுக்குத் தலை வரலைன்னு அவரை நிறுத்தினீங்க. அவரை நிறுத்தினதுல உங்களுக்கு இன்னொரு தலை குறைஞ்சுது."

இரண்டடி பின்னால் ரொட்டிப் பையோடு நிற்கும் கணவர், இது கடைக்காரரின் காதில் எப்படி விழுந்ததோ என்று கவலைப்பட்டு, "நாளைக்கு நான் வர்றேங்க. பின்கழுத்துல கொஞ்சம் எடுக்கணும்" என்று சமாதானம் சொல்கிறார். அவர் தலையில் எடுப்பதற்கு அதிகம் இல்லை என்பது மூன்று பேருக்குமே தெரியும்.

கணவர் பல் செட் கட்டுபவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. தெருவில் பல்லுக்காரர் என்று கேட்டால் குழந்தையும் வழி காட்டும். மனைவியோடு ரொட்டி வாங்கப் போனால், ரொட்டி வீட்டுக்கு வருவதற்குள் ஆறிவிடும் என்பது அவருடைய நிரந்தரப் புகார். வழியெங்கும் ஒட்டியிருக்கும் 'ஆட்கள் தேவை' அட்டைகளைப் பேராசிரியை நின்று நின்று படிப்பார். அட்டை இருந்த இடத்தில் வெளிறிய சதுரம் மட்டும் மிஞ்சியிருந்தால் உள்ளேயே போய் விசாரிப்பார். துணிக்கடையில் துணி பார்க்க மாட்டார், மடித்து வைப்பவர்கள் சும்மா நிற்கிறார்களா என்று பார்ப்பார். ஒருமுறை செருப்புக் கடை முதலாளி இவரை ஏதோ அரசாங்க அதிகாரி என்று நினைத்து, தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். பேராசிரியை தேநீரைக் குடித்துவிட்டு, தான் யாரென்று சொல்லிவிட்டு, அதன் பிறகும் அரை மணி நேரம் கேள்வி கேட்டார்.

ஆள் குள்ளம், நடை மட்டும் உயரமானவர்களுடையது. படிக்க ஒரு கண்ணாடி, பார்க்க ஒரு கண்ணாடி. எப்போதும் ஒன்று மூக்கில் இருக்கும், மற்றது தொலைந்திருக்கும். கரும்பலகையை அழிக்கத் துடைப்பானைத் தேடும் பொறுமை இல்லாதவர் என்பதால் வலது முழங்கைக்குக் கீழே எப்போதும் சுண்ணாம்பு வெள்ளை. மாணவர்கள் வைத்த பெயர் தராசு மேடம். ஒரு தட்டு எப்போதும் இறங்கியே இருக்கும் தராசு என்று அதற்கு அவர்களே விளக்கமும் தருவார்கள்.

ஒரே ஒரு சொல் அவர் வீட்டுக்குள் நுழையக்கூடாது. "தானா சரியாயிடும்" என்பதுதான் அது. குழாயில் நீர் சொட்டுகிறது என்று வந்த ஆள், வாஷரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "விடுங்கம்மா, ரெண்டு நாள்ல தானா சரியாயிடும்" என்றார். அவர் அன்று வீட்டை விட்டுக் கிளம்ப மத்தியானம் ஆனது. போகும்போது பல்லுக்காரரிடம், "சார், வாஷரை மாத்திட்டேன். அம்மாகிட்ட சொல்லிடுங்க, நான் இனிமே அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன்" என்றார்.

விஷயம் இதுதான். சந்தையில் விலையும் கூலியும் ஏறி இறங்கி, விற்க வந்ததும் வாங்க வந்ததும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும், அந்தச் சமநிலையிலிருந்து நாடு தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டு போகும் என்பது பாடப்புத்தகம். பேராசிரியையின் ஆராய்ச்சி, சமநிலை வராத நாட்களைப் பற்றியது. கடைக்காரர் விற்கத் தயார், வாங்க ஆள் இல்லை. ஆள் உழைக்கத் தயார், வேலை கொடுப்பார் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு காத்திருக்கும் அந்த இடைக்காலத்தில் புது இயந்திரம் வாங்கப்படுவதில்லை, தொழில் தெரிந்தவனின் கை மறந்துபோகிறது. கடைசியில் ஒருநாள் கணக்கு சமமாகும். ஆனால் அதற்குள் நாட்டின் வளர்ச்சியே ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும். இதைக் கணிதத்தில் நிரூபித்ததுதான் அவருடைய பேர்பெற்ற கட்டுரை. சந்தையின் விழுதல் எவ்வளவு சிறியதானாலும் வளர்ச்சியில் தழும்பு நிலைக்கும் என்பது அதன் முடிவு. துறைக்குள் அதற்குத் 'தழும்புத் தேற்றம்' என்று பெயர்.

இந்த யோசனை அவருக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. அவர் கல்லூரியில் படிக்கும்போது, லேத் ஓட்டிக்கொண்டிருந்த அவருடைய அண்ணனைத் தொழிற்சாலை வீட்டுக்கு அனுப்பியது. ஆர்டர் வந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். சொன்னபடி கூப்பிடவும் செய்தார்கள், சில வருடங்கள் கழித்து. போனவர் அன்று மத்தியானமே திரும்பி வந்து, சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "எல்லாம் பட்டனை அமுக்கினா ஓடுற மெஷினா மாத்திட்டாங்க. நான் அங்க கையை எங்க வைக்கிறதுன்னே தெரியாம நின்னேன்" என்றார். தொழிற்சாலையின் உற்பத்தி அந்த வருடம் பழைய அளவைத் தொட்டது. செய்தித்தாளில் படம் கூடப் போட்டார்கள். அண்ணன் இன்றும் தொலைபேசியில் பேசினால், "என்ன, உன் கணக்குல என்னைச் சேர்த்துட்டியா இல்லையா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

இப்படிப்பட்டவருக்குத் துறையில் பக்கத்து அறையிலேயே ஒரு எதிராளி. அவரும் பேராசிரியர்தான், வயதில் கொஞ்சம் மூத்தவர். கையிலிருக்கும் சுண்ணாம்புக்கட்டியைக் கூட நேராக நிறுத்தி வைக்கிற அளவு ஒழுங்கு. விலைகள் அசையட்டும், குறுக்கே போகாதீர்கள், எல்லாம் ஒரு நிலைக்கு வரும் என்று வாழ்நாள் முழுக்க எழுதியவர். பேராசிரியை அவருக்கு வீட்டில் வைத்த பெயர் 'தானாச்சரி'. அது எப்படியோ துறை முழுக்கப் பரவிவிட்டது. பல்லுக்காரர் மூலமாகத்தான் பரவியிருக்க வேண்டும், ஏனென்றால் தானாச்சரியின் மேல்வரிசைப் பற்கள் பல்லுக்காரர் செய்து கொடுத்தவை.

"என்னைக் கடிக்கிறதுக்கு அந்த மனுஷனுக்கு என் வீட்டுக்காரரே பல்லு செஞ்சு குடுத்துட்டாரு" என்பார் பேராசிரியை.

"நல்லாத்தானே செஞ்சிருக்கேன்? கழண்டு விழலையே" என்பார் கணவர்.

இருபது வருடங்களுக்கு மேல் நீடித்த சண்டை அது. ஆராய்ச்சி இதழ்களில் ஒருவர் எழுத, மற்றவர் மறுப்பார். பேராசிரியையின் கட்டுரைகளை மதிப்பிட்டு, பெயர் போடாமல் அனுப்பும் குறிப்புகளில், "கணக்கு சரி, உலகம்தான் தப்பு" என்ற ஒரு வரி வந்தால் எழுதியது யாரென்று தெரிந்துவிடும். மறுநாள் நடைவழியில், "சார், உலகம் சரியாத்தான் இருக்கு. உங்களுக்கு வசதியா இல்ல, அவ்வளவுதான்" என்று பேராசிரியை பதில் சொல்லிவிட்டுப் போவார். இருவரும் ஒன்றாகத் தேநீர் குடித்ததை யாரும் பார்த்ததில்லை. ஒருவரைப் பற்றி இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் பேசியதையும் யாரும் கேட்டதில்லை.

போன வருடம் பாடங்கள் பாதி நடந்துகொண்டிருக்கும்போது தானாச்சரிக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மெல்ல மெல்லத்தான் திரும்பும் என்றார்கள் மருத்துவர்கள். இறுதி வருட மாணவர்களுக்கு அவர் எடுத்துக்கொண்டிருந்த வளர்ச்சிக் கோட்பாடு பாதியில் நின்றது.

துறைத் தலைவர் பேராசிரியையைக் கூப்பிட்டார். "மிச்ச வகுப்பை நீங்களே எடுத்திடுங்க மேடம். உங்க பாடத்தையே நடத்துங்க. யாரு கேக்கப் போறாங்க?"

"பசங்க அவர் பாடத்துக்குத்தான பேர் குடுத்தாங்க?"

"அவர் பாடத்தை நீங்க எப்படி...?"

"எனக்கு அதைவிட நல்லாத் தெரிஞ்ச பாடம் வேற என்ன இருக்கு? இருபது வருஷமா வரி வரியாப் படிச்சு மறுத்துக்கிட்டு இருக்கேன்."

முதல் வகுப்புக்கு, பாடத்துக்குப் பேர் கொடுக்காதவர்கள் கூட வந்து சுவரோரம் நின்றார்களாம். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். பேராசிரியை உள்ளே வந்தார், சுண்ணாம்புக்கட்டியை எடுத்தார், தானாச்சரி விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். விலைகள் எப்படி அசைகின்றன, அசைந்தால் எது எதைச் சரி செய்கிறது என்று படிப்படியாகக் கட்டிக்கொண்டு போனார். அந்தக் கோட்பாட்டில் தொய்வான இடங்கள் எங்கே என்று உலகத்தில் அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. அந்த இடங்களில் எல்லாம் நின்று, தானாச்சரி தரக்கூடிய ஆகச் சிறந்த பதிலைத் தானே தேடி முட்டுக்கொடுத்துவிட்டு மேலே போனார். ஒரு இடத்திலும் 'ஆனால்' என்ற சொல் வரவில்லை.

சுவரோரம் நின்ற ஒருத்தி பொறுக்க முடியாமல் கேட்டாள். "மேடம், நீங்க இதை நம்புறீங்களா?"

"நான் நம்புறேனா இல்லையாங்கிறது உனக்கு எதுக்கு? அவர் என்ன சொல்றார்னு உனக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்."

"அப்ப வந்து பலகையில போடு."

ஒவ்வொரு வகுப்புக்கும் முந்தின மாலை ஒத்திகை வீட்டில் நடக்கும். பல்லுக்காரர் பட்டறையில் மெழுகுக் கட்டையில் பல் அடுக்கிக்கொண்டிருப்பார். பேராசிரியை எதிரே நடந்தபடி, எதிராளியின் வாதத்தைத் தன் வாயால் சொல்வார். பல்லுக்காரருக்குப் பொருளாதாரம் படித்து வந்ததல்ல; இத்தனை வருடம் காதில் விழுந்து விழுந்து வந்ததுதான். ஒருநாள் அவர் கையிலிருந்த மெழுகுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் பயந்துகொண்டே சொன்னார்.

"ஏம்மா, தப்பா நினைக்காதே. கேக்கக் கேக்க எனக்கென்னவோ அந்த மனுஷன் சொல்றதுதான் சரின்னு தோணுது."

பேராசிரியை நடையை நிறுத்தினார். கணவர் இடி விழும் என்று காத்திருந்தார். "நிஜமாவா?" என்றார் பேராசிரியை. முகமெல்லாம் பூரிப்பு. "அப்படின்னா பாடம் நல்லா வந்திருக்கு."

அன்று பல்லுக்காரருக்கு மனைவியை நினைத்து வந்த பெருமையை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. கடைசியில், அளவு கொடுக்க வந்து வாய் நிறைய அச்சு மாவோடு பதில் பேச முடியாமல் உட்கார்ந்திருந்த ஒரு வாடிக்கையாளரிடம் முழுக் கதையையும் சொன்னார்.

இதற்கிடையில்தான் அந்த அழைப்பு வந்தது. நாட்டின் பொருளாதார அறிஞர்கள் வருடம் ஒருமுறை கூடும் மாநாட்டில் முதன்மை உரை. சமநிலையை நம்புகிறவர்களே வழக்கமாக நிற்கும் மேடை அது. தழும்புத் தேற்றத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அண்ணனிடம் சொன்னபோது, "பெரிய மேடையா? அப்ப என்னையும் சேர்த்துத்தான் பேசணும்" என்றார். இளம் விரிவுரையாளர் ஒருவர் இனிப்புப் பெட்டியோடு வந்தார். அவரும் அவரைப் போன்ற இன்னும் பலரும் அந்தத் தேற்றத்தின் மேல்தான் தங்கள் ஆராய்ச்சியை எழுப்பியிருந்தார்கள்.

அடுத்த வாரம், சாப்பாட்டு மேசையில் பேராசிரியை பாதி மென்றதோடு நின்றுவிட்டார். வாயில் சோறு இருந்தது, தாடை அசையவில்லை. பல்லுக்காரர் தொழில் முறையில் பல்லில் ஏதோ மாட்டிக்கொண்டது என்றுதான் நினைத்தார்.

"என்னம்மா?"

"கிடங்கு" என்றார் பேராசிரியை.

தானாச்சரியின் பாடத்தில் அடுத்து வருவது சரக்குக் கிடங்கும் சேமிப்பும். விற்பனை குறைந்த உடனே எந்த முதலாளியும் ஆளை அனுப்புவதில்லை, கொஞ்ச நாள் சரக்கைக் கிடங்கில் அடுக்குகிறான். வேலை போன குடும்பம் கொஞ்ச நாள் சேமிப்பைக் கரைக்கிறது. அதற்குள் விலை இறங்கிவிட்டால் சந்தை மீண்டுவிடும் என்பது அவருடைய பழைய வாதம். பேராசிரியை அதை முன்பு ஒரு அடிக்குறிப்பில் தட்டிவிட்டுப் போயிருந்தார். இப்போது மாணவர்களுக்காக அதை முழு பலத்தோடு நிறுத்திப் பார்த்தபோது, அது விழவில்லை. எந்தப் பக்கம் தள்ளினாலும் நின்றது. அப்படியானால் அவருடைய தேற்றத்தில் ஓட்டை. விழுதல் எவ்வளவு சிறியதானாலும் தழும்பு நிலைக்கும் என்றது தவறு.

சாப்பிட்ட கையோடு அவர் கணவரின் பட்டறைக்குப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதில் அவருக்குத் தெரியும். யாராவது வாயால் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

"உங்களுக்கு ஒரு வாரம் ஆர்டர் வரலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"அலமாரியைத் துடைப்பேன்."

"ஒரு மாசம் வரலைன்னா?"

"புதுசா மாவு, மெழுகு வாங்க மாட்டேன். இருக்கிறதை வெச்சு ஓட்டுவேன். மோட்டார் மாத்தணும்னு நினைச்சா தள்ளிப் போடுவேன்."

"ஒரு வருஷம்?"

பல்லுக்காரர் யோசித்தார். "கடையைச் சாத்திட்டு உன் சம்பளத்துல உக்காந்து சாப்பிடுவேன்."

"அப்புறம் ஆர்டர் வந்தா?"

"வந்தா என்ன, அதுக்குள்ள கை நடுங்க ஆரம்பிச்சிருக்கும். வேற யாராவது பண்ணட்டும்னு விட்டுடுவேன்." பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்து, "எதுக்குக் கேக்கிறே? நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?" என்றார்.

"நான்தான் தப்பாச் சொல்லியிருக்கேன்" என்றார் பேராசிரியை. "ஒரு வாரத்தையும் ஒரு வருஷத்தையும் ஒரே கணக்குல போட்டுட்டேன்."

உரைக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. அதைப் பல்லுக்காரர் நினைவூட்டினார்.  அவர் மனைவி அன்று இரவு நன்றாகத் தூங்கினார், அவருக்குத்தான் தூக்கம் வரவில்லை.

தானாச்சரியின் வீட்டுக்கு அவர்கள் இருவரும் சேர்ந்தே போனார்கள். நோய்க்குப் பிறகு முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதில் பல் செட் பொருந்தவில்லை. அதைத் தேய்த்துச் சரி செய்து தர வேண்டும் என்று பல்லுக்காரருக்கு ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்கள். கதவைத் திறந்த தானாச்சரியின் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், பேராசிரியையைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க வாங்க. உங்களைத் திட்டாம இவருக்குச் சாப்பாடே இறங்கல."

தானாச்சரி சன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். இளைத்திருந்தார். பேராசிரியையைக் கண்டதும் இடது கை நாற்காலியின் பிடியை இறுக்கியது. பல்லுக்காரர் பல் செட்டை வாங்கிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினார். காது முழுக்க இந்தப் பக்கம்.

"சார், உங்க பாடம் நல்லாப் போயிட்டிருக்கு" என்றார் பேராசிரியை. "கிடங்கு வரைக்கும் வந்தாச்சு. அங்கதான் ஒண்ணு உங்ககிட்ட சொல்லணும். நீங்க சொன்னது சரி. என் தேற்றம் அந்த இடத்துல நிக்கல."

அறையில் தேய்க்கும் சத்தம் நின்றது.

தானாச்சரி அவரையே பார்த்தார். பிறகு வாய் கோணிக்கொண்டது. அழுகிறார் என்று நினைத்துப் பல்லுக்காரர் எழுந்துவிட்டார். அது சிரிப்பு. மேல்வரிசைப் பல் இல்லாத வாயில் வந்த முழுச் சிரிப்பு.

"நா... நான்... சொன்..."

"சொன்னீங்க. நான்தான் அடிக்குறிப்புல தள்ளிவிட்டேன். ஆனா சார், கிடங்கு நிரம்பினதுக்கு அப்புறம்? சேமிப்பு கரைஞ்சதுக்கு அப்புறம்? சின்ன விழுதல் தானா சரியாயிடும், ஒத்துக்கிறேன்." அந்த வார்த்தையை மனைவியின் வாயால் கேட்டது பல்லுக்காரருக்கு அதுவே முதல் முறை. "பெரிய விழுதல் ஆகாது. நடுவுல எங்கேயோ ஒரு எல்லை இருக்கு. அதை ஒத்துக்கிறீங்களா?"

தானாச்சரி கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று தோன்றும் அளவுக்கு நேரம் போனது. கண்ணைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தூக்கி வைப்பதைப் போலச் சொன்னார். "யோ... சிக்... கணும்."

திரும்பும் வழியில் பேராசிரியையின் நடைக்கு ஈடு கொடுக்கக் கணவர் ஓட வேண்டியிருந்தது. "கேட்டீங்களா? யோசிக்கணும்னாரு. இருபது வருஷத்துல ஒரு தடவை கூட அந்த மனுஷன் என்கிட்ட யோசிக்கணும்னு சொன்னதில்ல."

அதன் பிறகு மத்தியான நேரங்களில் பேராசிரியையைப் பார்க்க வேண்டுமானால் அந்தச் சன்னலோரத்துக்குத்தான் போக வேண்டும். கணக்கு டீச்சரம்மா ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். தானாச்சரி இடது கையால் கோணல் கோணலாக ஒரு குறி போடுவார், பேராசிரியை அதை அழித்து வேறொன்று போடுவார், அவர் நாற்காலியைத் தட்டி மறுப்பார். சண்டை பழைய சண்டைதான். வேகம் மட்டும் குறைந்திருந்தது. எல்லை இருக்கிறது என்று இருவருக்குமே நிச்சயமானது. அது எங்கே என்பதில்தான் இழுபறி. கடைசியில் பேராசிரியை பிடித்தது, இருவரும் எதிர்பார்க்காத ஒன்று. அந்த எல்லை ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒவ்வொரு விழுதலும், தானாகச் சரியான சின்ன விழுதல் கூட, கிடங்கையும் சேமிப்பையும் கொஞ்சம் கரைத்துவிட்டுப் போகிறது. அவை மறுபடி நிரம்புவதற்குள் அடுத்தது வந்தால், போன முறை தாங்கிய அளவை இந்த முறை நாடு தாங்காது. சிலேட்டில் அதைப் பார்த்த தானாச்சரி எதையும் தட்டவில்லை. டீச்சரம்மாவிடம் சிலேட்டைக் காட்டி, அழிக்காதே என்று தலையசைத்தார்.

விஷயம் வெளியே தெரிந்ததும் இளம் விரிவுரையாளர் இன்னொரு முறை வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை வெறும் கை.

"மேடம், எல்லையைப் பத்தி அப்புறம் தனியா ஒரு கட்டுரை எழுதிக்கலாம். மேடையில பழைய தேற்றம் தப்புன்னு சொல்லணுமா? நாங்க எத்தனை பேர் அது மேல வீடு கட்டியிருக்கோம்."

"அஸ்திவாரத்துல விரிசல் இருக்குன்னு வீடு கட்டினவங்களுக்கு யாரு முதல்ல சொல்லணும், நானா, அடுத்த தெருக்காரனா?"

"அந்தச் சமநிலைக்காரங்க சிரிப்பாங்க மேடம். எப்படா கிடைக்கும்னு காத்துக்கிட்டு இருக்காங்க."

"சிரிக்கட்டும்" என்றார் பேராசிரியை. "சிரிச்சு முடிச்சதும் மிச்சப் பாதியைக் கேப்பாங்க. நீ உக்காரு, உன் கட்டுரையில எந்தப் பகுதி இன்னும் நிக்கும்னு பார்க்கலாம்."

பாதிக்கு மேல் நின்றது. விரிவுரையாளர் போகும்போது பல்லுக்காரரிடம், "சார், இவங்ககூட எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். "பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான்" என்றார் பல்லுக்காரர். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

மாநாட்டு அரங்கம் நிறைந்திருந்தது. பல்லுக்காரர் ஓரமாக ஒரு இருக்கையில், இஸ்திரி போட்ட சட்டைக்குள் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். தானாச்சரியை அவருடைய மனைவி அழைத்து வந்திருந்தார். சக்கர நாற்காலியை முன்வரிசைக்குப் பக்கத்தில் நடைவழியில் நிறுத்தியிருந்தார்கள். பேராசிரியை மேடையேறி, வணக்கம் சொல்லி, மூக்கில் இருப்பது எந்தக் கண்ணாடி என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"என்னை ஒரு தேற்றத்தைப் பத்திப் பேசக் கூப்பிட்டிருக்கீங்க. அது முழுசும் சரியில்லன்னு சொல்லித்தான் ஆரம்பிக்கணும். எங்க தப்புன்னு எனக்குக் காட்டினவர் இந்த அரங்கத்துலதான் இருக்கார்." தானாச்சரியின் பெயரைப் பட்டங்களோடு முழுதாகச் சொன்னார். அந்தப் பெயரை மனைவி உச்சரித்து இதுவரை கேட்டதில்லை என்பது பல்லுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

சலசலப்பு எழுந்தது. சிரிப்பும் எழுந்தது, விரிவுரையாளர் சொன்ன ஆட்களிடமிருந்தேதான். பேராசிரியை அது அடங்கும் வரை தண்ணீர் குடித்தார். பிறகு எல்லையைப் பற்றிப் பேசினார். அது சுருங்குவதைப் பற்றிப் பேசினார். பட்டன் மெஷினுக்கு முன்னால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற ஒருவரைப் பற்றிப் பேசினார். அவர் தன் அண்ணன் என்று மட்டும் சொல்லவில்லை. பாதி உரை முடிவதற்குள், சிரித்தவர்களில் ஒருவர் முன்னால் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருப்பதைப் பல்லுக்காரர் பார்த்தார். 

கேள்வி நேரத்தில் வெள்ளைத் தாடி வைத்த ஒருவர் எழுந்தார். "அப்ப இருபது வருஷமா நீங்க சொன்னது தப்பு. அப்படி எடுத்துக்கலாமா?"

"பாதி தப்பு" என்றார் பேராசிரியை. "எந்தப் பாதின்னு இன்னிக்கு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன வருஷம் ரெண்டு பேருக்குமே தெரியாது."

கைதட்டல் பின்வரிசையில்தான் தொடங்கியது. முன்னால் வந்து சேர நேரம் எடுத்தது, வந்ததும் அடங்க மறுத்தது. அரங்கம் எழுந்து நின்றது. பல்லுக்காரரும் எழுந்தார்; பக்கத்தில் இருந்தவரிடம், கேட்காமலே, "என் வீட்டம்மா" என்றார்.

தலைமை தாங்கியவர் நேரமாகிவிட்டது, சாப்பாட்டுக்குப் போகலாம் என்று அறிவித்தார். ஆட்கள் நகரத் தொடங்கினார்கள். அப்போது நடைவழியில், தானாச்சரியின் இடது கை மேலே எழுந்தது. அவர் ஏதோ சொல்ல முயன்றார். "அ... அந்த... எல்..." சத்தம் அடுத்த வரிசைக்குக் கூட எட்டவில்லை. தலைமை தாங்கியவர் கனிவோடு, "சார் அப்புறம் தனியாப் பேசிக்கலாமே" என்றார்.

பேராசிரியை உடையில் குத்தியிருந்த ஒலிவாங்கியைக் கழற்றிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். நடைவழியில், சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில் முழந்தாளிட்டார். ஒலிவாங்கியை எதிராளியின் வாயருகே நீட்டினார். "சொல்லுங்க சார்."

நகர்ந்தவர்கள் நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள். தானாச்சரியின் மூச்சு அரங்கம் முழுக்கக் கேட்டது. "எல்... எல்லை... எல்லைக்கு..." என்று வந்து அடுத்த சொல்லில் தடுக்கி நின்றது. இடது கை நாற்காலிப் பிடியைத் தட்டியது; மறுப்புதான் அது, எல்லோருக்கும் புரிந்தது. அவர் தேடும் சொல் எதுவென்று பேராசிரியைக்குத் தெரியும். எடுத்துக் கொடுக்கவில்லை. ஒலிவாங்கியை இன்னும் கொஞ்சம் அருகே பிடித்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தார்.